தறி ஓடட்டும்

தறியை நிறுத்தாமலே பேசலாம் என்று அந்தப் பெண் சொன்னபோதே கௌரியம்மாளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

அபிகாயில் என்று பெயர். சென்னையிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். அடுத்த மாதம் திருத்தணியில் வீடு வீடாகப் போய், பெண்களுக்கு என்ன தேவை என்று ஆய்வு செய்யப் போகிறார்களாம். எங்கே, எப்படிக் கேட்டால் பெண்கள் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று பார்த்துத் திட்டம் போடத்தான் இப்போது இந்த நெசவாளர் தெருவுக்கு வந்தாளாம்.

தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. தறிக்குக் கொடுக்கிற இலவச கரண்டைப் பிடுங்க வந்தவள் என்றார்கள் சிலர். கௌரியம்மாளின் கவலையே வேறு. வீட்டு விஷயத்தை மருமகள் சுஜாதா இவளிடம் கொட்டிவிட்டால்? நாளைக்கு ஊரே சிரிக்குமே.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கேட்கலாமே என்றார் கௌரியம்மாளின் புருஷன் பஞ்சாட்சரம்.

"முதல்ல உங்க வீட்டுலயே பேசிப் பார்க்கறேங்க. தறி ஓடட்டும்" என்றாள் அபிகாயில்.

பவர்லூம் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதில் என்னத்தைப் பேசுவது?

தறியை ஓட்டிக்கொண்டே, சுஜாதா அபிகாயிலின் காதோடு வாய் வைத்துப் பேசினாள். நெசவு வீட்டில் எல்லாருக்கும் அது பழக்கம்தான். வெங்காயம் உரிக்கிற சாக்கில் கௌரியம்மாள் கதவோரம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். டகடகவென்ற சத்தம்தான் வந்தது. பார்த்தால், மருமகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

போச்சு, மானமே போச்சு. அழுகிற அளவுக்கு இவளை என்ன கொடுமை செய்துவிட்டோம்?

நூல் அறுந்து தறி நின்றது. வெளியே வந்த சுஜாதாவைக் கௌரியம்மாள் மடக்கினாள்.

"இன்னா சொன்ன அவகிட்ட?"

"ஒண்ணும் இல்லத்தே."

"ஒண்ணும் இல்லாததுக்கா அழுதுகினு இருந்த?"

சுஜாதா, அடுத்தது உங்களைத்தான் கேட்கணுமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அறுந்த நூலை முடியப் போய்விட்டாள்.

வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் கௌரியம்மாள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன தேவைம்மா?" என்றாள் அபிகாயில்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரம் முந்திக்கொண்டார். "அவளுக்கு இன்னா கொறை? ரெண்டு வருஷமா முட்டி வலி. ஆடிக் கிருத்திகைக்குக்கூட மலையேற வர்றதில்ல. திருப்பதிக்கு பஸ்ல கூப்பிட்டாலும் வர்றதில்ல. அவ்ளோதான், வேற ஒண்ணும் வேணாம்னு எழுதிக்கோம்மா."

அபிகாயில் எழுதவில்லை. கௌரியம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌரியம்மாள் வாசலில் இருக்கிற புருஷனைப் பார்த்தாள். கதவோரம் தான் உரித்துப் போட்டிருந்த வெங்காயத் தோலைப் பார்த்தாள். இந்த வீட்டில் எது பேசினாலும் யாருக்காவது கேட்கும். கேட்க வந்த வேகமெல்லாம் அப்படியே அடங்கிப்போனது.

"நூலை முடிஞ்சிட்டியா?" என்று மருமகளிடம் கேட்டாள்.

"ஆங், முடிஞ்சிட்டேன் அத்தே."

கௌரியம்மாள் எழுந்துபோய்த் தானே சுவிட்சைப் போட்டாள். தறி ஓட ஆரம்பித்தது. திரும்பி வந்து அபிகாயிலின் காதோடு குனிந்தாள்.

"முட்டியில ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணுக்கு அடக்க முடியல. படி ஏறினா, இருமினா, புடவை நனைஞ்சிடுது. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

அபிகாயில் நிமிர்ந்து சுஜாதாவைப் பார்த்தாள். சொல்லலாம் என்று சுஜாதா தலையாட்டினாள். அபிகாயில் கௌரியம்மாளின் காதோடு குனிந்தாள்.

"அவங்களுக்கு என்ன வேணும்னுதாம்மா உங்க மருமககிட்ட கேட்டேன். தனக்குன்னு ஒண்ணும் கேக்கல. எங்க அத்தை நனைஞ்ச புடவையை ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்கறாங்க, அவங்க கூச்சப்படாம காட்டிக்கற மாதிரி ஒரு லேடி டாக்டர் வேணும்னு சொல்லித்தான் அழுதாங்க."