பழைய பெட்டிக்குக் காவல்

“அந்த நம்பருக்கு நீங்களே போன் பண்ணீங்களா, அத்தை?”

மருமகனுக்கு நம்பவே முடியவில்லை.

“பண்ணேன் மாப்பிள்ளை” என்றார் மாமியார். “ஸ்கிரீன் பூரா சிவப்பா வந்துச்சு. ‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், உடனே கூப்பிடுங்க’ன்னு ஒரு நம்பர். எடுத்தவன் ரொம்ப மரியாதையாப் பேசினான். அவன் சொன்னதையெல்லாம் அழுத்தினேன். அப்புறம் பாத்தா அம்புக்குறி தானா ஓடுது. பயந்துபோய் ஒயரைப் பிடுங்கிட்டேன்.”

“சரியாப் போச்சு! திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு நாற்காலியும் போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸா இருந்தவங்க நீங்க. முட்டாள்கூட இதைச் செய்ய மாட்டானே!”

வார்த்தை தடித்துவிட்டது. அடுப்படியில் இருந்த மகள் எட்டிப் பார்த்தாள். கணவனை அடக்கப் போகிறாள் என்று பார்த்தால், அவளும் சேர்ந்துகொண்டாள்.

“தெரியாததைத் தொடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! பேசாம அந்தப் பெட்டியை எடைக்குப் போடும்மா. உன் வயசுக்கு அது எதுக்கு?”

மாமியாரின் முகம் சிறுத்துப்போனது. ஆனால் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“திட்டி முடிச்சாச்சா? இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க மாப்பிள்ளை.”

“பாஸ்வேர்டையெல்லாம் இதுல வேண்டாம், போன்லேர்ந்து மாத்துங்க. அப்புறம் புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்க.”

“புதுசு வேண்டாம். கை பழகினது இதுலதான்.”

“அப்ப நல்ல ஆன்டிவைரஸ் போடணும்.”

“எது நல்லது?”

“கடையில முன்னால வெச்சிருக்கறதை வாங்கிடாதீங்க. அதெல்லாம் புது மிஷினுக்கு. இதுல போட்டா காவல்காரனே வீடு முழுக்கக் காலை நீட்டிப் படுத்துக்குவான். உங்களுக்கு உட்கார இடம் இருக்காது.”

மாமியார் தலையாட்டிக்கொண்டார். மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

“மாப்பிள்ளை, இலவசமா ஒண்ணு போட்டேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘ஆபத்து, காசு கட்டு’ன்னு குதிக்குது. அந்தத் திருடனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“எடுத்துடுங்க அத்தை. நான் மீட்டிங்ல இருக்கேன்.”

அடுத்த போன்.

“வேற ஒண்ணு போட்டேன். பெட்டி அப்படியே உறைஞ்சு நிக்குது.”

“பழசை எடுத்தீங்களா?”

“இல்லையே. ரெண்டு இருந்தா பலம்தானே?”

“ஐயோ அத்தை! ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைச்சு ரெண்டும் கட்டிப் புரளும்!”

“சரி சரி, கத்தாதீங்க. ஒண்ணை வெளிய அனுப்பறேன்.”

மூன்றாவது, இவ்வளவு பழைய கம்ப்யூட்டருக்கு வர மாட்டேன் என்று வாசலிலேயே திரும்பிக்கொண்டது. அதற்கும் ஒரு போன்.

“ஏம்மா, அவரைப் போட்டு இப்படிப் படுத்தற?” என்று மகள் சலித்துக்கொண்டாள்.

“நோயாளி தாங்கற மருந்தைத்தானே கொடுக்க முடியும்? கிடைக்கிற வரைக்கும் தேடுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்த மருமகன் தானே பக்கத்தில் உட்கார்ந்தான். போன வாரம் பேசியது கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். இருவருமாகத் தேடி, லேசான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இருக்கிற இடம் தெரியாமல் ஓடியது. மோசமான பக்கம் ஒன்றைத் திறக்கப் போனால், முன்னாலேயே மறித்தது.

மாமியார் விடவில்லை. வீடியோவை ஓடவிட்டு, கூடவே மெயிலையும் திறந்து பார்த்தார். பெட்டி திணறவில்லை.

“அப்பாடா!” என்று எழுந்தான் மருமகன்.

“இருங்க. இதை இப்ப எடுத்துடுங்க.”

“என்னது? இப்பத்தானே போட்டேன்!”

“நானே ஒரு தடவை முதல்லேர்ந்து போட்டுப் பழகணும்.”

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓரிடத்தில் தவறிப்போய், மறுபடி ஆரம்பித்து, அவன் கை நீட்டியபோதும் தடுத்து, தானே முடித்தார்.

“மறுபடி சிவப்பா வந்தா?”

“எதையும் தொடாம மூடிடுங்க. நல்ல கம்பெனி எதுவும் ஸ்கிரீன்ல நம்பரைப் போட்டு, கூப்பிடுன்னு மிரட்டாது. ஆன்டிவைரஸ் பாதிக் காவல்தான் அத்தை. மீதி நம்ம கையில.”

“மிரட்டினா திருடன். மூடிடணும். பயப்படக் கூடாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“பிடிவாதத்துல உங்களை மிஞ்ச ஆள் கிடையாது அத்தை. ஆனா இனிமே ஏமாந்துட்டு வந்து நின்னீங்கன்னா, நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்” என்று சிரித்தபடி கிளம்பினான். மகளும் அவனோடு கிளம்பினாள்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை மாமியார் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து போனை எடுத்தார்.

“சம்பந்தியம்மா, கிடைச்சிடுச்சு! உங்க பெட்டிக்கும் என் பெட்டிக்கும் ஒரே வயசுதானே, தாராளமாத் தாங்கும். நாளைக்குக் காலையில நானே வந்து போட்டுத் தரேன். அப்புறம் நீங்க பழையபடி தினமும் உங்க தங்கச்சி முகத்தைப் பாத்துப் பேசலாம்.”

 மறுமுனையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி.

“சேச்சே, அந்த நம்பருக்குப் போன் பண்ணது நீங்கன்னு உங்க பையனுக்குத் தெரியவே தெரியாது. முட்டாள்னு அவர் திட்டினதெல்லாம் என்னைத்தான்!”