அங்கிரினின் பிடி

ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிவப்பணுவின் தோலுக்கு அங்கிரினைக் கண்டாலே ஆகாது. தோலை உள்ளே இருக்கும் வலையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் அது.

"எந்நேரமும் என்ன இழுவை? விட்டுத் தொலையேன்!"

"எங்க ஆளுங்க பாதிப்பேர் இந்த அணுவுல பிறக்கவே இல்லை. இருக்கிற நானும் விட்டா, நீ கொஞ்சம் கொஞ்சமா பிஞ்சு போயிடுவே. அப்புறம் இந்தத் தட்டு வடிவம் போய், நாம வெறும் உருண்டைதான்."

தோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பழுதான அணுக்களை வடிகட்டும் மண்ணீரலின் குறுகலான இடுக்கு வந்தது. முன்னால் போன உருண்டை அணு ஒன்று அதில் சிக்கிக்கொள்ள, மண்ணீரல் அதை அப்படியே விழுங்கிவிட்டது. அடுத்தது தோலின் முறை. நசுங்கி, நீண்டு, நூலாகி, எப்படியோ அந்தப் பக்கம் வந்து விழுந்தது. பார்த்தால், பழைய தட்டு வடிவம் அப்படியே இருந்தது.

அங்கிரினுக்கு மூச்சு வாங்கியது. "ரொம்ப இழுத்துட்டேனா? கொஞ்சம் தளர்த்தட்டுமா?"

"வாயை மூடு," என்றது தோல். "அடுத்த சுற்று வருது. இன்னும் இறுக்கிப் பிடி."