ஏட்டு தணிகாசலத்தின் முதல் கேஸ்

முப்பத்து மூன்று வருடம் புதுச்சேரி போலீசின் சிவப்புத் தொப்பி போட்ட ஏட்டு தணிகாசலம், ஓய்வு பெற்ற அன்று தன் சாதனையைத் தானே ஒரே வரியில் சொன்னார்.

“சர்வீஸ்ல நான் புடிச்சது ஜலதோஷம் மட்டுந்தான்.”

மற்ற காலமெல்லாம் பீச் ரோட்டில் கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கியது, மந்திரி காருக்கு வழிவிட்டது என்று போய்விட்டது. ஒரே ஒரு குற்றவாளியையாவது சட்டையைப் பிடித்து இழுத்துப் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது அவர், பாரீசில் இருக்கும் ஒரு மதாமின் பழைய பங்களாவுக்குக் காவல். விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. சமையல் அவர் மனைவி வசந்தா. கூடத்துக் கண்ணாடி அலமாரி நிறைய மதாம் வீட்டுப் பழைய வெள்ளிச் சாமான்கள். “தணிகா, நீ இருக்கற தைரியத்துலதான் வெச்சிட்டுப் போறேன்,” என்று மதாம் சொன்னதை நெஞ்சில் பதக்கமாகக் குத்திக்கொள்ளாத குறைதான்.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. கோபிநாத், அவன் மனைவி துர்கா, அவன் அம்மா செல்வாம்பாள். அந்த அம்மாவுக்கு முட்டிவலி. வாசலில் மூன்று படி ஏற்றுவதற்குள் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

“டிவி இருக்காங்கய்யா?” என்று கேட்டாள் துர்கா.

“எங்க போர்ஷன்ல இருக்கும்மா. எம் பொண்டாட்டி எட்டரை மணி சீரியல ஒரு நாளு விடமாட்டா. நான் அந்நேரத்துக்கு நாற்காலியத் தூக்கிக்கிட்டு கேட்டுக்குப் போயிடுவேன். அதையெல்லாம் பாத்தா போலீஸ்காரன் மூளை மழுங்கிடும்.”

மழுங்குவதற்கு அங்கே ஏதாவது இருந்தால்தானே என்று வசந்தா முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வசந்தா காய் வாங்கப் பெரிய மார்க்கெட் போன நேரம், மாடி ஜன்னலில் சண்டை வெடித்தது. கீழே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தணிகாசலம் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டினார்.

“பத்து வருஷமா உங்க மொகத்தப் பாத்துத்தான் எனக்குப் பொழுது விடியுது. அந்த மொகத்துல இன்னைக்கு என் சாவு தெரியுது!” என்று அழுதாள் துர்கா.

“தெரிஞ்சா நல்லதுதான். நாளைக்குப் படகு சொல்லியிருக்கேன், கெளம்பி நில்லு!” என்றான் கோபிநாத்.

தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் வசந்தாவிடம் மூச்சு விடவில்லை. கேஸ் விவரத்தை வீட்டில் பேசக் கூடாது என்பது அவர் கொள்கை. கேஸே கிடைக்காததால் அதைக் கடைப்பிடிக்க இதுவரை வாய்ப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தா மீன் வாங்கப் போனதும், துர்கா சிவந்த கண்ணோடு அவரிடம் ஓடிவந்தாள்.

“ஐயா, கனகசெட்டிக்குளத்துல படகு ஏறப்போறோமாம். எனக்கு நீச்சல் தெரியாது. நான் திரும்பலேன்னா எங்கப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போலீஸ் மட்டும் வேணாங்கய்யா, குடும்ப மானம் போயிடும்.”

போலீசுக்குச் சொல்ல அவருக்கும் மனமில்லை. சொன்னால் கேஸ் கைமாறிப் போய்விடுமே.

புருஷனும் பெண்டாட்டியும் ஏறிய கார் கிளம்பியதும் ஸ்கூட்டரை உதைத்தார். “வீட்டப் பாத்துக்கம்மா!” என்று செல்வாம்பாளிடம் கத்தினார்.

“நீ பைய போயிட்டு வா தம்பி,” என்றாள் அவள், முட்டியைத் தடவிக்கொண்டே.

கனகசெட்டிக்குளம், வடக்கே புதுச்சேரி எல்லை முடிகிற இடம். பாதி வழியிலேயே கார் கண்ணுக்குத் தப்பிவிட்டது. கரைக்குப் போனால் காரும் இல்லை, ஆட்களும் இல்லை. தணிகாசலம் போட்ட கூச்சலில் மீனவர்கள் இரண்டு படகைத் தள்ளினார்கள். ஒன்றில் இவரும் ஏறினார். இரண்டு மணி நேரம் தேடியதில், காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்ததுதான் மிச்சம். ஒரு பெண் நம்பி வந்து சொல்லியும் காப்பாற்றத் துப்பில்லையே என்று நிஜமாகவே அழுதார்.

மத்தியானம் வீடு திரும்பினால் வாசலில் போலீஸ் ஜீப். கூடத்து அலமாரி காலி. செல்வாம்பாளையும் காணோம். மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்த வசந்தாதான் போன் செய்திருந்தாள். வந்திருந்த இன்ஸ்பெக்டர் எழிலரசன், ஒரு காலத்தில் இவரோடு பந்தோபஸ்து நின்றவர்.

“சார், பொண்டாட்டியக் கடல்ல தள்ளிட்டான் சார்!” தணிகாசலம் மூச்சிரைத்தார். “திரும்பி வந்து வெள்ளிய எடுத்திருக்கான். பாத்துட்டாங்கன்னு பெத்த தாயையே தூக்கிட்டுப் போயிட்டான். அந்த அம்மாவால தானா ஒரு படி எறங்க முடியாது சார்!”

“பதறாதீங்கண்ணே. சண்டையில என்ன பேசிக்கிட்டாங்க? அப்படியே சொல்லுங்க.”

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் கேஸின் முதல் வாக்குமூலம்.

“அந்தப் பொண்ணு சொல்லிச்சி சார். பத்து வருஷமா உங்க மொகத்தப் பாத்துத்தான் எனக்குப் பொழுது விடியுது...”

“அந்த மொகத்துல இன்னைக்கு என் சாவு தெரியுது,” என்று முடித்தாள் வசந்தா. வாங்கிய மீன் கெட்டுவிடுமே என்று பின்வாசலில் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எட்டரை மணி சீரியல்ல வந்ததாச்சே. புருஷனும் பொண்டாட்டியும் லீவுக்கு ஊட்டி போன எடத்துல போடற சண்டை. போன செவ்வாக்கெழமை.”

தணிகாசலத்தின் குரல் இறங்கிவிட்டது. “அப்ப அந்த அம்மா? அத யாரு கடத்துனது?”

“புதன்கெழமை உள்ள வந்து உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றாள் வசந்தா. “எல்லாரும் படகுக்கு ஓடுனதும், மாமியாக்காரிதான் அலமாரியத் தொடச்சி எடுத்துக்கிட்டு ஓடிப்போய் ஆட்டோ ஏறுவா.”