நாக்குக்கு அடியில்

ஒன்றும் தெரியக் கூடாது.

அப்படி வேண்டிக்கொண்டு நுண்ணோக்கி முன் உட்காருகிறவள் மதுரையிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கண்ணாடித் தகட்டில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். தூள் என்று அவள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். ஒவ்வொன்றும் உருண்டை. பிரிக்கத் தேவையில்லாமல் உடம்பிலேயே கரைந்துபோகும் தையல் நூல் இருக்கிறதே, அதே பொருளில் செய்தது. உள்ளே மருந்து. ஒருமுறை ஊசியில் போட்டால் ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும்.

அதற்கு மருந்து உருண்டைக்குள் சீராகப் பரவிக் கிடக்க வேண்டும். ஆறின பாகில் சீனி பூக்கிற மாதிரி படிகமாகப் பூத்துவிட்டால் போச்சு. ஒரு நாள் கொட்டும், மறுநாள் காயும்.

சித்திரைத் திருவிழா விடுமுறையில் ஆய்வகத்து ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று வருட உழைப்பு, குப்பியோடு அந்த வெயிலில் கிடந்தது.

"பூத்திருந்தா இந்தக் கலவைய விட்ரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் பேராசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கலவையை விட்டுவிடலாம். அண்ணனை என்ன செய்வது?

பொன்னரசு அண்ணனுக்குக் காதில் குரல்கள் கேட்கும். கடையில் கிடைக்கும் ஊசி எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்கிற ஒரே மருந்து, அந்த உருண்டைக்குள் இருக்கிற அதே மருந்து, இன்னும் மாத்திரையாகத்தான் இருக்கிறது. அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, பிறகு செம்பருத்தித் தொட்டியில் துப்பிவிடுவார்.

அதனால் தினமும் மதியம் திருமங்கலத்து வீட்டிலிருந்து வீடியோ கால்.

வாயைத் திறண்ணே. நாக்கைத் தூக்குண்ணே.

கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திய மனிதர், திறந்து காட்டுவார். தங்கை உற்றுப் பார்ப்பாள். வெள்ளையாக எதுவும் தெரியக் கூடாது.

பார்த்ததும் வைத்துவிடுவாள். அண்ணனும் தங்கையும் வேறு பேச்சுப் பேசி வெகுகாலம் ஆயிற்று. அது அவளை அறுத்தது.

நுண்ணோக்கியில் ஒளியை வடிகட்டும் வில்லையைத் திருப்பினாள். படிகம் இருந்தால் மின்னும். இல்லையென்றால் இருட்டு.

இருட்டு.

தகட்டை நகர்த்தினாள்.

இருட்டு.

இன்னும் கொஞ்சம்.

ஓரத்தில் பளீரென்று ஒரு வெள்ளைக் கீற்று.

கண்ணை எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். மறுபடி குனிந்து, பெரிதாக்கினாள்.

நீளமாக இருந்தது. முறுக்கிக்கொண்டு இருந்தது.

பஞ்சு நூல்.

அவசரத்தில் தகட்டைத் துப்பட்டா முனையால் துடைத்திருக்கிறாள். இதற்காக எத்தனை முதல் வருடப் பிள்ளைகளைத் திட்டியிருப்பாள்!

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புதுத் தகடு எடுத்தாள். அதற்கான தாளில் ஒழுங்காகத் துடைத்தாள்.

மூலைக்கு மூலை இருட்டு. நல்ல, கெட்டியான இருட்டு.

இன்னும் இரண்டு இயந்திரங்கள் இதையே சொல்ல வேண்டும். அண்ணன் கைக்கு ஊசியாக வந்து சேர வருடங்கள் ஆகும். ஆகட்டும். மதுரை வெயிலையே தாங்கிவிட்டதே!

போன் அடித்தது.

அண்ணன்தான். அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார்.

"வாய மூடுண்ணே" என்றாள். "இன்னைக்கு அம்மா என்ன கொழம்பு வச்சாங்க?"

வாய் உடனே மூடவில்லை. பிறகு நாக்கு மெல்ல இறங்கியது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சுண்டவத்தக் கொழம்பு, பாப்பா. கொஞ்சம் ஒறப்பு" என்றார். "ஒனக்கு எடுத்து வைக்கச் சொல்லவா?"