அரைப்படி மேலே

ஷவோன் வலது கையைக் காற்றில் சுழற்றினாள். கடைசி வரியை இன்னொரு தடவை பாடுங்கள் என்று அர்த்தம்.

நாற்பது பேரும் பாடினார்கள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையால் காகித விசிறியை வீசிக்கொண்டு நான் பார்த்தேன்.

அந்தச் சுழற்றல் என்னுடையது.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் எலீம் மலை சபையின் பாடகர் குழுவை முப்பத்து நான்கு வருடம் நடத்தியவள் நான். தாளைப் பார்த்துப் பாடுகிற கூட்டம் இல்லை எங்களுடையது. எல்லாம் காதும் கண்ணும்தான். கையைச் சுழற்றினால், மறுபடி. கையை மூடினால், நிறுத்து. சுட்டுவிரலை மேலே நீட்டினால், சுருதியை அரைப்படி ஏற்று. பஸ் ஓட்டுகிறவர், முடி பின்னுகிறவள், தபால்காரர் என்று அத்தனை பேரையும் பழக்கியது என் கைதான்.

உடம்பு முடியாமல் நான் விலகிப் பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது என் இடத்தில் ஷவோன். அதற்குமுன் என்னை டைரக்டர் என்றார்கள். இப்போது மதர் என்கிறார்கள். சபையில் வயதான பெண்களுக்குக் கிடைக்கிற மரியாதை அது. நான் கேட்கவில்லை.

அன்றைக்குக் குழுவின் ஆண்டு விழா. ஞாயிறு மத்தியானம். நான்கு சபைகளிலிருந்து ஆட்கள் வந்து, இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். கீழே சாப்பாட்டுக் கூடத்தில் கோழி பொரிகிற வாசனை.

குழு சுமாராகப் பாடியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். எனக்கு ஆடத் தெரியும், கூடமும் நேராகவே இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

நடைவழியில் வெள்ளைக் கையுறையோடு நின்று வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிற லூசில், என் காதருகே குனிந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மதர். நம்ம ஆளுங்க இப்படிப் பாடி நான் கேட்டதே இல்ல.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முன்னால் மைக்கைப் பிடித்துத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தவள் டார்லீன். அவள் குரலின் எல்லை எனக்கு அத்துப்படி. இந்தச் சுருதிக்குமேல் அரைப்படி ஏற்றினால் உடைந்துவிடும். அதனாலேயே அவள் பாடும்போது நான் ஒரு தடவைகூட விரலை நீட்டியதில்லை.

இப்போது நீட்டினால்?

ஷவோன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். குழு எங்களைப் பார்த்து நின்றது. அவர்கள் கண் இன்னும் பழக்கதோஷத்தில் என் பக்கம் வந்து வந்து போனது. ஒரு விரல் போதும். யோசிக்காமல் ஏறிவிடுவார்கள். நான்கு சபைகளின் முன்னால் டார்லீன் குரல் உடையும். இருபத்தொன்பது வயது டைரக்டர் என்ன நடந்தது என்றே தெரியாமல் முழிப்பாள்.

யாராவது கேட்டால், ஆண்டவருக்குக் கை உயர்த்தினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் சபையில் கை உயர்த்தாதவர் யார்?

வெட்கமாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஷவோன் மறுபடி சுழற்றினாள். மொத்த சபையும் எழுந்து நின்று கை தட்டியது. ஒருவர் பாக்கியில்லாமல் அவளையே பார்த்தார்கள்.

என் சுட்டுவிரல் மேலே போயிற்று.

குழு ஏறவில்லை.

முதலில் ஆண்கள் வரிசை பாட்டை நிறுத்தியது. பிறகு பெண்கள். டார்லீன் மைக்கை இறக்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்கன் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய் அதுவும் நின்றது. ஷவோன் திரும்பினாள்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

லூசில் மறுபடி என் காதருகே குனிந்தாள்.

“மதர், அது உங்க வலது கை.”

விசிறி பிடித்திருந்த இடது கையைத்தான் தூக்க நினைத்தேன். அது விசிறியோடு மடியிலேயே இருந்தது.

மேலே நின்றது மற்றது. அடுப்படியில் நான் சுருண்டு விழுந்த காலையிலிருந்து, பதினான்கு மாதமாக ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்காத கை. இனி வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட கை. பாஸ்டர் வாராவாரம் எண்ணெய் தடவி ஜெபித்தும் அசையாத கை. இப்போது என் தலைக்குமேலே விரலை நீட்டிக்கொண்டு நின்றது.

கூரை அதிர ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் மேடையிலிருந்து ஓடிவந்து, அற்புதம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைத் தூக்கியது எது என்று எனக்குத் தெரியும். அவர்கள் யாருக்கு நன்றி சொன்னார்களோ, அவருக்கும் தெரியும்.

ஷவோன் கண்ணைத் துடைக்காமல் என் விரலையே பார்த்தாள். பிறகு குழுவின் பக்கம் திரும்பி, டைரக்டர் சொன்னால் சொன்னதுதான் என்பதுபோல், தன் சுட்டுவிரலையும் மேலே நீட்டினாள்.

ஏறினார்கள்.

டார்லீன் கண்ணை மூடிக்கொண்டு அந்த அரைப்படியை எட்டிப் பிடித்தாள். குரல் உடையவில்லை. இன்னும் இடமிருக்கிறது என்பதுபோல் அங்கேயே நின்று பாடினாள்.

முப்பத்து நான்கு வருடத்தில், அவள் இப்படிப் பாடி நானும் கேட்டதே இல்லை.