லமியாவின் அளவு

மட்டாஞ்சேரியில் கம்ப்யூட்டரில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவர் ஷௌகத் அலி. எந்த வீட்டின் முகப்பை வரைந்தாலும் வாசலருகே ஒரு சிறுமியை நிறுத்துவார். கதவின் உயரம் பார்ப்பவருக்குப் பிடிபட வேண்டும் அல்லவா? அது அவர் மகள் லமியா. நான்கு வயதில் அவளைப் பார்த்து வரைந்தது. அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

அன்றும் வழக்கம்போல ஒன்றுக்கு ஐம்பது என்று அளவு வைத்து பிரிண்ட் எடுத்தார். ஸ்கேலால் அளந்தார். கதவு சரி, ஜன்னல் சரி. இரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டிய லமியா மட்டும் மூன்றை நெருங்கியிருந்தாள். மறுபடி எடுத்தார். அப்படியேதான் வந்தாள். கவுன் மட்டும் வளரவில்லை. அக்குளில் இறுகி, முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது.

சாயா கொண்டுவந்த அவர் மனைவி ஜுமைலா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த உடுப்போடயா இத்தன வருஷமா புள்ளைய வாசல்ல நிக்க வச்சிருக்கீங்க?"

அவர் ஸ்கேலை மேசையில் வைத்தார்.

"ஒண்ணுக்கு ஒண்ணு வச்சு, ஆளு உசரத்துக்கே அடிங்க. நான் அளவெடுக்கணும்."

அளவை மாற்றினார். பெரிய தாள் அச்சிடும் இயந்திரத்திலிருந்து முதலில் தலை வெளியே வந்தது. ஜுமைலா டேப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.