வாடகை இல்லாத வரிசை

அண்ணனின் கல்லறைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ வாடகை பாக்கி. கட்டாவிட்டால் கல்லை எடுத்துவிட வேண்டும் என்று கிராம அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த ஜெர்மன் கிராமத்தில் தேவாலயத்துக்கு எண்ணூறு வயது, வாசல் லிண்டன் மரத்துக்கு முந்நூறு, செத்தவனுக்கு மட்டும் இருபது வருடம். போரில் செத்தவர்களின் வரிசைக்கு என்றைக்கும் வாடகை இல்லை. இடுகாட்டு வேலைக்காரன் நான்தான் என்பதால் கல்லை நானே பெயர்த்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. தள்ளுவண்டியோடு வந்த மச்சான் மரியநாயகம் கேட்டான்.

"உன்ரை அண்ணர் எதாலை செத்தவரெண்டு கந்தோரிலை கேட்டவங்களோ?"

"காசைத்தான் கேட்டவங்கள்."

"ஊர்ச் சண்டையிலை காலுக்கை ஏறின ஷெல் துண்டாலை எண்டு சொல்லேல்லையோ? அதுவும் சண்டைச் சாவுதானேடா, விசரா."

அவன் வண்டியைத் திருப்பினான். போர் வரிசையின் கடைசியில் கல்லை நட்டு, மண்ணை மிதித்தோம். திங்கட்கிழமை அலுவலகத்தில், கல்லை எடுத்தாயிற்றா என்று கேட்டார்கள். எடுத்தாயிற்று என்றேன். பாக்கியைத் தள்ளுபடி செய்தார்கள்.